லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் நிரலை ஆர்சியூ-வாக்குக்கு மாற்றுவது எப்படி

ஒரு பாதையைத் திறக்கச் சொன்னதும் லினக்ஸ் கெர்னல் அதைச் சாய்கோடுகளில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் டென்ட்ரி கேஷில் (பெயரை அது குறிக்கும் ஃபைலோடு இணைக்கும் டென்ட்ரி என்ற பதிவுகளின் கிடங்கு) தேடுகிறது. பழைய முறையான ரெஃப்-வாக்கில், ஒவ்வொரு டென்ட்ரிக்கும் ரெஃபரன்ஸ் எண்ணை (அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கை) கூட்டி, அடுத்ததற்கு நகர்ந்ததும் குறைக்க வேண்டும். ரூட் டைரக்டரியும் அதற்குக் கீழே உள்ள இரண்டு மூன்று டைரக்டரிகளும் எல்லா ப்ரோக்ராம்களுக்கும் பொது. 64 கோர்கள் ஒரே நேரத்தில் அந்த ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்தால், அது இருக்கும் கேஷ் லைன் (ப்ராசஸர் கேஷின் ஒரு துண்டு) கோருக்குக் கோர் பந்தாடப்படும். கோர்களைக் கூட்டக் கூட்ட வேகம் ஏறாது, சில நேரம் இறங்கும்.

2011-இல் வெளியான 2.6.38 கெர்னல் இரண்டு காரியம் செய்தது. டென்ட்ரி கேஷ் முழுவதற்கும் ஒன்றாக இருந்த டிகேஷ்_லாக் என்ற பூட்டை நீக்கியது. எந்தப் பூட்டும் ரெஃபரன்ஸும் எடுக்காமல், ஆர்சியூ (படிப்பவர்கள் முடிக்கும் வரை பழைய நினைவகத்தை விடுவிக்காமல் தள்ளிவைக்கும் கெர்னல் முறை) பாதுகாப்பில் மட்டும் பாதை நெடுகப் போகும் ஆர்சியூ-வாக்கைக் கொண்டுவந்தது. எல்லா ஃபைல்சிஸ்டங்களுக்கும் பொதுவான மேலடுக்கான விஎஃப்எஸ் தன் பங்கை முடித்துவிட்டது. ஆனால் வழியில் அது உங்கள் ஃபைல்சிஸ்டத்தின் ஃபங்ஷன்களையும் கூப்பிடுகிறது. அவற்றை எப்படி மாற்ற வேண்டும் என்பதே இந்தக் கையேடு. ஃபங்ஷன் பெயர்களையும் ஃப்ளாக் பெயர்களையும் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறோம். அடிக்கோடுகள் மூல நிரலில் உள்ள இடத்திலேயே இருக்கின்றன.

வேலையைத் தொடங்குமுன் வரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள். முதலில் நினைவகத்தின் ஆயுள், அடுத்து ஃபங்ஷன்களின் சரித்தன்மை, கடைசியில்தான் வேகம். பலர் தலைகீழாக, கேஷில் உள்ள டென்ட்ரி இன்னும் செல்லுமா என்று பார்க்கும் டி_ரீவேலிடேட்டை வேகமாக்குவதில் தொடங்குகிறார்கள். அடித்தளத்தில் ஐநோடு (ஒரு ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட்) தவறான நேரத்தில் விடுவிக்கப்படுகிறது என்றால், மேலே செய்யும் ஒவ்வொரு வேகமாக்கலும் கெர்னல் விழும் வாய்ப்பைத்தான் கூட்டும்.

ஆர்சியூ-வாக் எதைத் தருகிறது, எதைத் தராது

ஆர்சியூ-வாக்கில் உங்கள் ஃபங்ஷன் கூப்பிடப்படும்போது ஒரே ஒரு உறுதிதான் உண்டு: ஆர்சியூ தாமதத்தோடு விடுவிக்கப்படும் நினைவகம் உங்கள் கண்ணெதிரே மறைந்துவிடாது. வேறு எதுவும் உறுதி இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் டென்ட்ரி அந்த நொடியிலேயே பெயர் மாறலாம், வேறு டைரக்டரிக்குப் போகலாம், அதன் ஐநோடு பாயிண்டர் நல் (வெற்று) ஆகலாம். பெற்றோர் டைரக்டரி அழிந்திருக்கலாம். ஃபைல்சிஸ்டமே அன்மவுண்ட் ஆகிக்கொண்டிருக்கலாம்.

இதையெல்லாம் விஎஃப்எஸ் பின்னால் இருந்து சரிபார்க்கிறது. ஒவ்வொரு டென்ட்ரியிலும் டி_செக் என்ற வரிசை எண் உண்டு. பெயரோ ஐநோடோ மாறினால் அது மாறும். மவுண்ட்களுக்கும் இதேபோல் மவுண்ட்_லாக் என்ற ஒன்று இருக்கிறது. எண் பொருந்தவில்லை என்றால், நீங்கள் தந்த பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு விஎஃப்எஸ் மறுபடி முயலும். எனவே தவறான பதில் ஒன்றை நீங்கள் தருவதால் குடி முழுகாது, பல இடங்களில். ஆனால் தவறான பாயிண்டரைத் தொடர்ந்து போனால் முழுகும். இந்த வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாகவே விளங்கும்.

முடியாத நிலையில் தப்பிக்க ஒரு வழி உண்டு: -ஈசைல்ட் என்ற பிழை எண்ணைத் திருப்புவது. அது வந்ததும் விஎஃப்எஸ், ட்ரை_டு_அன்லேஸி வழியாக அதுவரை வந்த இடத்திலேயே ரெஃபரன்ஸ் எடுத்து ரெஃப்-வாக்குக்கு மாறப் பார்க்கும். முடிந்தால் மீதிப் பாதை முழுவதும் ரெஃப்-வாக்தான். நடுவில் திரும்ப ஆர்சியூவுக்கு ஏறுவது கிடையாது. முடியவில்லை என்றால் பாதையின் தொடக்கத்திலிருந்தே ரெஃப்-வாக். அதிலும் -ஈஸ்டேல் வந்தால் மூன்றாவது முறை, கேஷை நம்பாமல் எல்லாவற்றையும் மறுபரிசோதனை செய்யும் ஃப்ளாகோடு.

-ஈசைல்ட் திருப்புவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரெஃப்-வாக்கில் இருக்கும்போது அதைத் திருப்பினால் காப்பாற்ற ஆள் இல்லை; அது நேராகப் பயனருக்குப் போய்விடும். ஃபைலைத் திறக்கப் போன ப்ரோக்ராமுக்கு "நோ சைல்ட் ப்ராசஸஸ்" என்று சம்பந்தமே இல்லாத செய்தி வந்தால், உங்கள் ஃபங்ஷன்களில் ஒன்று ஃப்ளாகைப் பார்க்காமல் -ஈசைல்ட் திருப்புகிறது என்று பொருள்.

முதல் வேலை: எது எப்போது விடுவிக்கப்படுகிறது

ஒரு தாளை எடுத்து, டி_ஹேஷ், டி_கம்பேர், டி_ரீவேலிடேட், பர்மிஷன், கெட்_லிங்க், கெட்_ஐநோடு_ஏசிஎல், டி_மேனேஜ் என்று ஏழு வரி எழுதுங்கள். உங்கள் ஃபைல்சிஸ்டத்தில் இல்லாதவற்றை அடித்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது தொடும் பாயிண்டர் சங்கிலி முழுவதையும் எழுதுங்கள்: டென்ட்ரியிலிருந்து ஐநோடு, ஐநோடிலிருந்து உங்கள் சொந்த ஸ்ட்ரக்ட், அதிலிருந்து சூப்பர்பிளாக்கின் (மவுண்ட் ஆன ஃபைல்சிஸ்டம் முழுவதையும் குறிக்கும் ஸ்ட்ரக்ட்) தனித் தகவல், அதிலிருந்து எழுத்து மாற்று அட்டவணை என்று. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஆர்சியூ தாமதத்துக்குப் பிறகே விடுவிக்கப்பட வேண்டும். இந்தத் தாள் அரை மணி நேர வேலை. வாரக்கணக்கில் பிழை தேடுவதை மிச்சப்படுத்தும்.

ஐநோடில் தொடங்குவோம். 5.2 கெர்னலிலிருந்து ஃப்ரீ_ஐநோடு என்ற தனி மெத்தட் இருக்கிறது. ஆர்சியூ காத்திருப்பு முடிந்த பிறகே விஎஃப்எஸ் அதைக் கூப்பிடும். உங்கள் டெஸ்ட்ராய்_ஐநோடில் உள்ள கேமெம்_கேஷ்_ஃப்ரீயை எடுத்து ஃப்ரீ_ஐநோடில் வைத்தால், பெரும்பாலான ஃபைல்சிஸ்டங்களுக்கு இந்தப் பகுதி முடிந்தது. இரண்டும் இருந்தால் டெஸ்ட்ராய்_ஐநோடு உடனே ஓடும், ஃப்ரீ_ஐநோடு தாமதமாக ஓடும். டெஸ்ட்ராய்_ஐநோடு மட்டும் இருந்து மற்றது இல்லை என்றால், கால்_ஆர்சியூ (ஆர்சியூ காத்திருப்பு முடிந்த பின் ஒரு கால்பேக்கை ஓட்டும் ஃபங்ஷன்) போடும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது; விஎஃப்எஸ் எதுவும் செய்யாது. 5.2-க்கு முந்தைய கெர்னலுக்கும் எழுதுகிறீர்கள் என்றால் அந்த வழிதான்: ஐநோடுக்குள் இருக்கும் ஐ_ஆர்சியூவைக் கொடுத்துக் கால்_ஆர்சியூ.

ஃப்ரீ_ஐநோடு தூங்க முடியாத சூழலில் ஓடுகிறது. அங்கே மியூடெக்ஸ் எடுப்பது, ஐபுட் செய்வது, வட்டில் எழுதுவது எதுவும் ஆகாது. அப்படிப்பட்ட வேலைகளை எவிக்ட்_ஐநோடில் முடித்துவிடுங்கள். ஆனால் தாளில் இடம்பிடித்த எதையும் எவிக்ட்_ஐநோடில் விடுவிக்காதீர்கள். இங்கேதான் அனுபவம் உள்ளவர்களே தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் எவிக்ட்_ஐநோடு என்ற பெயரே "எல்லாம் முடிந்தது, துடைத்துவிடு" என்று சொல்வது போல இருக்கிறது. சிம்லிங்கின் உடலை (அது சுட்டும் பாதையை) ஐ_லிங்க் பாயிண்டரில் வைத்துக்கொண்டு, அதை எவிக்ட்_ஐநோடில் விடுவிப்பது இந்த வகைப் பிழை. ஜேஎஃப்எஃப்எஸ்2, யூபிஐஎஃப்எஸ், டீபக்எஃப்எஸ் ஆகிய மூன்றிலும் சிம்லிங்க் உடல் காலத்துக்கு முன்பே விடுவிக்கப்படும் பிழை இருந்து, 2019-இல் திருத்தப்பட்டது. திருத்தம் சிறியது: அந்த கேஃப்ரீயை ஆர்சியூ தாமதத்துக்குப் பிறகு ஓடும் கால்பேக்குக்கு நகர்த்துவது. இன்று அதன் இடம் ஃப்ரீ_ஐநோடு.

டென்ட்ரியின் டி_எஃப்எஸ்டேட்டாவும் இதே கதை. டி_ரிலீஸ் என்ற மெத்தட், டென்ட்ரியின் நினைவகம் ஆர்சியூவுக்குக் காத்திருக்கத் தொடங்குமுன்பே கூப்பிடப்படுகிறது. காத்திருந்த பிறகு அல்ல. உங்கள் டி_ரீவேலிடேட் அந்தத் தகவலைப் படிக்கிறது என்றால், டி_ரிலீஸில் வெறும் கேஃப்ரீ போடக் கூடாது. ஸ்ட்ரக்டுக்குள் ஓர் ஆர்சியூ_ஹெட் சேர்த்து, கேஃப்ரீ_ஆர்சியூ போடுங்கள்.

அடுத்தது சூப்பர்பிளாக். எஸ்_எஃப்எஸ்_இன்ஃபோவில் தொங்கும் உங்கள் தகவலை அன்மவுண்ட் நேரத்தில் விடுவிக்கிறீர்கள். "பாதையில் யாரோ போய்க்கொண்டிருக்கும்போது அன்மவுண்ட் எப்படி நடக்கும்? மவுண்ட் பிடித்து வைக்கப்பட்டிருக்குமே" என்று தோன்றும். ஆர்சியூ-வாக்கில் யாரும் எதையும் பிடித்து வைத்திருப்பதில்லை. ஒரு ப்ராசஸில் இரண்டு த்ரெட்கள். ஒன்று, ஏற்கெனவே திறந்து வைத்த டைரக்டரியின் ஃபைல் எண்ணிலிருந்து தொடங்கி ஒரு பாதையைத் தேடுகிறது. அந்த மவுண்ட் முன்பே மரத்திலிருந்து கழற்றப்பட்டு, அந்தத் திறந்த ஃபைலால் மட்டும் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது த்ரெட் அந்த ஃபைலை மூடுகிறது. கடைசி ரெஃபரன்ஸ் போய், சூப்பர்பிளாக் கலைக்கப்படுகிறது. முதல் த்ரெட் இன்னும் உங்கள் டி_ஹேஷுக்குள் நிற்கிறது.

எனவே டி_ஹேஷும் டி_கம்பேரும் பயன்படுத்தும் என்எல்எஸ் (எழுத்துக் குறியீட்டு மாற்று) அட்டவணை, பெரிய எழுத்து மாற்று அட்டவணை, மவுண்ட் ஆப்ஷன்கள் ஆகியவற்றைப் புட்_சூப்பரில் விடுவிக்காதீர்கள். கில்_எஸ்பியில் முதலில் பொதுவான கலைப்பு ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள் (பிளாக் சாதனம் என்றால் கில்_பிளாக்_சூப்பர்). அது முடிந்த பின், தகவல் ஸ்ட்ரக்டுக்குக் கால்_ஆர்சியூ போட்டு, அந்தக் கால்பேக்குக்குள் அட்டவணைகளையும் ஸ்ட்ரக்டையும் விடுவியுங்கள். எக்ஸ்ஃபேட்டும் எச்எஃப்எஸ்பிளஸும் 2024 தொடக்கத்தில் இப்படித்தான் திருத்தப்பட்டன. அதே தொடரில் ப்ராக்எஃப்எஸ், பிஐடி (ப்ராசஸ் எண்) ரெஃபரன்ஸை விடுவதை எவிக்ட்_ஐநோடிலிருந்து ஃப்ரீ_ஐநோடுக்கு மாற்றிக்கொண்டது. ஆர்சியூ-வாக் வந்து 13 ஆண்டு கழித்தும் இவை மிச்சம் இருந்தன. பழைய ஃபைல்சிஸ்டம் என்பதால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மாட்யூல் வெளியேறும் ஃபங்ஷனில் வரிசை இப்படி: அன்ரிஜிஸ்டர்_ஃபைல்சிஸ்டம், பிறகு ஆர்சியூ_பேரியர், பிறகு கேமெம்_கேஷ்_டெஸ்ட்ராய். நடுவில் உள்ள பேரியரை விட்டால் இரண்டு ஆபத்து: காத்திருக்கும் ஐநோடுகளோடு கேஷ் கலைக்கப்படும், அல்லது கால்பேக் ஓடும் நேரத்தில் அந்தக் கால்பேக் நிரலே நினைவகத்தில் இருக்காது. சிங்க்ரனைஸ்_ஆர்சியூ இதற்கு மாற்று அல்ல. அது படிப்பவர்கள் முடிக்கும் வரை காத்திருக்கும். வரிசையில் நிற்கும் கால்பேக்குகள் ஓடி முடிக்கும் வரை காத்திருக்காது.

டி_ஹேஷ், டி_கம்பேர்

டி_ஹேஷ் பெயருக்கு ஹேஷ் கணக்கிடுகிறது, டி_கம்பேர் இரண்டு பெயர்களை ஒப்பிடுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத ஃபைல்சிஸ்டம்களுக்கே பெரும்பாலும் இவை தேவை. இவற்றுக்கு "இப்போது எந்த முறையில் இருக்கிறோம்" என்று சொல்லும் ஃப்ளாக் கிடையாது. எனவே -ஈசைல்ட் திருப்பித் தப்பிக்கவும் முடியாது. டி_ஹேஷ் அதைத் திருப்பினால் ரெஃப்-வாக்கிலும் அதையே திருப்பி, பயனர் கையில் போய் விழும். இரு முறைகளிலும் அப்படியே ஓடும்படி எழுத வேண்டும்: தூங்காமல், பூட்டு எடுக்காமல், டென்ட்ரியில் எதையும் எழுதாமல், எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒரே பதில் தரும்படி.

டி_கம்பேருக்குப் பெயரும் நீளமும் தனி ஆர்கியுமெண்ட்களாக வருகின்றன. அவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். கூடவே வரும் டென்ட்ரியின் டி_நேமைத் திறந்து பார்க்காதீர்கள். நடுவில் ரீநேம் நடந்தால் பெயர் ஒன்றும் நீளம் வேறொன்றுமாகக் கிடைக்கும். பெற்றோரின் ஐநோடு வேண்டுமென்றால் டி_பேரண்டை ரீட்_ஒன்ஸில் (கம்பைலர் இரண்டாவது முறை படிக்காமல் தடுக்கும் மேக்ரோ) ஒருமுறை படித்து, அதன் ஐநோடை இன்னொரு ரீட்_ஒன்ஸில் படித்து, நல் என்றால் சாதாரண பைட் ஒப்பீட்டோடு திரும்புங்கள். டி_எஸ்பி மாறாது, அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

நுட்பமான இடம் ஒன்று உண்டு. குட்டையான பெயர்கள் டென்ட்ரிக்கு உள்ளேயே வைக்கப்படுகின்றன. நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரீநேம் அந்த பைட்களின் மேல் எழுதலாம். வெறும் பைட் ஒப்பீடு என்றால் தவறான பதில்தான் வரும், விஎஃப்எஸ் அதை நிராகரித்துவிடும். ஆனால் யூடிஎஃப்-8 ஒப்பீடு ஒரே பைட்டை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றே என்று நம்பி, எல்லையைத் தாண்டிப் படித்துவிடக்கூடும். எனவே உள்ளே வைக்கக்கூடிய நீளம் உள்ள பெயரை, ஸ்டாக்கில் உள்ள தற்காலிக இடத்தில் நகல் எடுத்து, ஒரு பேரியர் போட்டு, நகலை ஒப்பிடுங்கள். ஜெனரிக்_சிஐ_டி_கம்பேர் இப்படியே செய்கிறது. உங்கள் தேவைக்கு அது போதும் என்றால் சொந்தமாக எழுதாமல் அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

டி_ரீவேலிடேட்

நெட்வொர்க் ஃபைல்சிஸ்டம்களுக்கு வேகம் கிடைப்பதும் கெடுவதும் இங்கேதான்.

மாற்றத்தின் முதல் நாளில் ஃபங்ஷனின் முதல் வரியாக ஒன்றைப் போடுங்கள்: ஃப்ளாகில் லுக்கப்_ஆர்சியூ இருந்தால் -ஈசைல்ட். இது சரியான நிரல், பாதுகாப்பான நிரல். இந்த நிலையிலேயே வெளியிடலாம். மற்ற பகுதிகளைச் சோதித்து முடித்த பிறகு இந்த வரியைத் தளர்த்துங்கள்.

தளர்த்தும்போது, பழைய ஃபங்ஷனின் உள்ளே ஆங்காங்கே ஃப்ளாகைப் பார்க்கும் கிளைகளைத் தூவாதீர்கள். படிக்க மட்டும் செய்யும் வேகப்பாதை ஒன்றைத் தனி ஃபங்ஷனாக எழுதுங்கள். அதன் ஓட்டம்: ஐநோடை டி_ஐநோடு_ஆர்சியூ மூலம் ஒருமுறை படித்து லோக்கல் வேரியபிளில் வையுங்கள். உங்களுக்கு நேர்நிலை (ஐநோடு உள்ள) டென்ட்ரி மட்டுமே பொருட்டு என்றால், நல் வந்ததும் -ஈசைல்ட். பிறகு காலாவதி நேரத்தை ரீட்_ஒன்ஸில் படியுங்கள். காலாவதி ஆகவில்லை என்றால் 1. ஆகிவிட்டது, அல்லது எதுவோ பொருந்தவில்லை என்றால் -ஈசைல்ட். சர்வரைக் கேட்பது, பூட்டெடுத்துப் பார்ப்பது எல்லாம் ரெஃப்-வாக் பாதையில்.

0 திருப்புவதில் கவனம் தேவை. "இந்த டென்ட்ரி செல்லாது" என்று நீங்கள் ஆர்சியூ முறையில் சொல்லிவிட்டால், விஎஃப்எஸ் ரெஃப்-வாக்குக்கு மாறிய பிறகு உங்களை மறுபடி கேட்பதில்லை. அந்த 0-வை நம்பி டென்ட்ரியைக் கழித்துவிடும். மறுமுறை கேட்பது -ஈசைல்டுக்கு மட்டும்தான். வேறு எதிர்மறை எண்களும் அப்படியே பயனருக்குப் போய்விடும். பாதி எழுதப்பட்ட மதிப்பைப் பார்த்துவிட்டு -ஈஸ்டேல் திருப்பிவிடாதீர்கள். ஐயம் என்றால் எப்போதும் -ஈசைல்ட்.

இதன் மறுபக்கம்: ஒரே டென்ட்ரிக்கு ஒரே தேடலில் இரண்டு முறை கூப்பிடப்படலாம். எண்ணிக்கையைக் கூட்டுவது, "கடைசியாகப் பார்த்த நேரம்" எழுதுவது போன்ற பக்கவிளைவுகளை ஆர்சியூ பாதையில் வைக்காதீர்கள். எல்லா கோர்களும் எழுதும் ஒரு கவுண்டர் இருந்தாலே போதும், ஆர்சியூ-வாக் காப்பாற்றிய கேஷ் லைன் மறுபடி பந்தாடப்படும். ஸ்பின்லாக் எடுப்பதும் இப்படியே: தூங்காததால் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் செய்த வேலையின் பலன் முழுவதும் போய்விடும்.

பெற்றோர் டைரக்டரி வேண்டுமென்றால் கெர்னலின் பதிப்பைப் பாருங்கள். 6.14 முதல் பெற்றோரின் ஐநோடும் தேடப்படும் பெயரும் ஆர்கியுமெண்ட்களாகவே வருகின்றன. அவை நிலையானவை, அவற்றையே பயன்படுத்துங்கள். அதற்கு முந்தைய கெர்னலில் டி_பேரண்டை ரீட்_ஒன்ஸில் படித்து, அதன் ஐநோடு நல்-தானா என்று பார்த்து, வேலை முடிந்ததும் டி_பேரண்டை மறுபடி படித்து ஒப்பிட வேண்டும், மாறியிருந்தால் -ஈசைல்ட். டிகெட்_பேரண்ட் ரெஃபரன்ஸ் எடுக்கிறது என்பதால் ஆர்சியூ பாதையில் அதற்கு இடமில்லை.

32 பிட் இயந்திரங்களையும் ஆதரிக்கிறீர்கள் என்றால், 64 பிட் காலாவதி நேரத்தை ஒரே மூச்சில் படிக்க முடியாது என்பதை மறக்காதீர்கள். அன்சைன்ட் லாங் அளவுள்ள டி_டைமில் ஜிஃபிகளாக (கெர்னலின் கடிகாரத் துடிப்புகளாக) வைத்து, டைம்_பிஃபோர் மூலம் ஒப்பிடுவது எளிய வழி.

இன்னொரு ஃபைல்சிஸ்டத்தின் மேல் அடுக்கப்பட்டவை, வந்த ஃப்ளாகைக் கீழே உள்ளதற்கு அப்படியே கடத்த வேண்டும். கீழ் டென்ட்ரி செல்லாது என்று தெரிந்தாலும் ஆர்சியூ முறையில் டி_இன்வேலிடேட் கூப்பிடக் கூடாது.

பர்மிஷனும் ஏசிஎல்லும்

பாதையின் ஒவ்வொரு டைரக்டரியிலும் "உள்ளே நுழையலாமா" என்ற கேள்வி வருகிறது. உங்களுக்குச் சொந்த பர்மிஷன் மெத்தட் இல்லை என்றால் விஎஃப்எஸ் அதை ஐநோடின் ஃப்ளாகில் குறித்துவைத்து, நேராகப் பொதுவான சோதனைக்குப் போய்விடும். சும்மா ஜெனரிக்_பர்மிஷனைக் கூப்பிடுவதற்காக மட்டும் ஒரு மெத்தட் வைத்திருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

மெத்தட் தேவை என்றால் மாஸ்கில் மே_நாட்_பிளாக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தூங்கக் கூடாது. கையில் உள்ள தகவல் போதவில்லை என்றால் -ஈசைல்ட். பயனர்வாரியாக அனுமதிகளைச் சேமித்து வைக்கும் ஃபைல்சிஸ்டம், அந்தப் பட்டியலை ஆர்சியூ பாயிண்டராக்கி, ஆர்சியூ_டீரெஃபரன்ஸில் படித்து, மாற்றும்போது புதியதை வைத்துப் பழையதைக் கேஃப்ரீ_ஆர்சியூவிடம் விடலாம். ஏஎஃப்எஸ் இந்த வழியில் போகிறது.

ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற கூடுதல் பட்டியல்) விஷயத்தில் பலரும் கவனிக்காத வேகத்தடை ஒன்று உண்டு. ஐநோடின் ஏசிஎல் இன்னும் கேஷில் ஏறவில்லை என்றால், பொதுவான சோதனை ஆர்சியூ முறையில் -ஈசைல்ட் தந்துவிடும். பெரும்பாலான டைரக்டரிகளுக்கு ஏசிஎல்லே கிடையாது. அந்த "கிடையாது" என்ற செய்தியும் கேஷில் ஏற வேண்டும். வட்டிலிருந்து ஐநோடைப் படிக்கும்போதே அதற்கு எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் இல்லை என்று தெரிந்தால், அங்கேயே கேஷ்_நோ_ஏசிஎல் கூப்பிடுங்கள். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் செய்கின்றன. ஒரு வரி, ஆனால் கேஷ் புதிதாக நிரம்பும் நேரத்தில் ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு வீழ்ச்சியை மிச்சப்படுத்தும்.

ஏசிஎல் படிக்கும் மெத்தடில் 5.15 முதல் ஆர்சியூ என்ற பூலியன் இருக்கிறது, 6.2-இல் அந்த மெத்தடின் பெயர் கெட்_ஐநோடு_ஏசிஎல் ஆனது. பூலியன் உண்மை என்றால் -ஈசைல்டைப் பாயிண்டராகச் சுற்றித் திருப்புங்கள்.

சிம்லிங்க்

4.2 கெர்னல் முதல் சிம்லிங்க்களையும் ஆர்சியூ முறையிலேயே கடக்க முடிகிறது. கெட்_லிங்க் என்ற இன்றைய மெத்தட் 4.5-இல் வந்தது. அதற்கு வரும் டென்ட்ரி ஆர்கியுமெண்ட் நல் என்றால் ஆர்சியூ முறை என்று பொருள். வேறு ஃப்ளாக் இல்லை. நல்-தானா என்று பார்க்காமல் டென்ட்ரியைத் தொட்ட நிரல் முதல் சிம்லிங்கிலேயே விழும். நல் என்றால் வட்டைப் படிக்காமல், ஜிஎஃப்பி_கெர்னலோடு நினைவகம் கேட்காமல், கையில் இருந்தால் கொடுத்து, இல்லையென்றால் -ஈசைல்ட்.

குட்டையான சிம்லிங்க்களுக்கு உடலை ஐ_லிங்க்கில் வைத்து, மெத்தடாக சிம்பிள்_கெட்_லிங்க் போடுவதே சிறந்தது. விஎஃப்எஸ் உங்களைக் கூப்பிடாமலே படித்துக்கொள்ளும். பேஜ் கேஷில் வைப்பவர்களுக்குப் பேஜ்_கெட்_லிங்க் நல் டென்ட்ரியைத் தானே பார்த்துக்கொள்கிறது.

ஒரு டென்ட்ரியைக் கடக்கலாமா என்று முடிவு செய்யும் டி_மேனேஜில் ஆர்சியூ_வாக் பூலியன் உண்மை என்றால் தூங்காமல், தேவைப்பட்டால் -ஈசைல்ட். டி_டிலீட்டில் பக்கவிளைவு கூடாது. லுக்கப், அட்டாமிக்_ஓப்பன், டி_ஆட்டோமவுண்ட், டி_வீக்_ரீவேலிடேட் ஆகியவை ஆர்சியூ முறையில் கூப்பிடப்படுவதே இல்லை. அவற்றைத் தொட வேண்டாம்.

சோதனை

சரித்தன்மைக்கு ஒரு கெர்னல், வேகத்துக்கு இன்னொரு கெர்னல் என்று இரண்டு கட்டுங்கள். முதலாவதில் கேசான், ப்ரூவ்_ஆர்சியூ, டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் மூன்றையும் இயக்குங்கள் (விடுவித்த நினைவகத்தைத் தொடுவது, ஆர்சியூ விதி மீறல், தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவது ஆகியவற்றை முறையே பிடிப்பவை). ரீட்_ஒன்ஸ் விட்டுப்போன இடங்களைப் பிடிக்கக் கேசிசான் உதவும். அதைத் தனியாக ஓட்டுங்கள். சில த்ரெட்கள் ஓர் ஆழமான பாதையை ஓயாமல் ஸ்டாட் (ஃபைலின் விவரம் கேட்கும் அழைப்பு) செய்யட்டும். அதே நேரம் இன்னொன்று நடுவில் உள்ள டைரக்டரியை இரண்டு பெயர்களுக்கிடையே மாற்றிக்கொண்டே இருக்கட்டும், ஒன்று ஃபைல்களை உருவாக்கி அழிக்கட்டும், ஒன்று ட்ராப்_கேஷஸில் 2 எழுதி டென்ட்ரிகளையும் ஐநோடுகளையும் வெளியேற்றட்டும். மேலே சொன்ன, திறந்த ஃபைலை மூடி மவுண்டைக் கலைக்கும் நிலையையும் தனிச் சோதனையாக எழுதுங்கள்; அன்மவுண்ட் பிழைகள் மற்ற சோதனைகளில் அகப்படுவது அரிது. பிழை நிகழக்கூடிய கால இடைவெளி மிகக் குறுகியது என்பதால், பாயிண்டரைப் படிக்கும் வரிக்கும் பயன்படுத்தும் வரிக்கும் நடுவில் யூடிலேயில் 500 மைக்ரோ நொடி வையுங்கள். எம்ஸ்லீப் அல்ல; அது தூங்கும்.

ஒரு பாதை முழுவதும் ஆர்சியூவிலேயே போகிறதா என்று அறிய அழகான வழி ஒன்று இருக்கிறது. 5.12 முதல் ஓப்பன்ஏட்2 அழைப்பில் ரிசால்வ்_கேஷ்ட் என்ற ஃப்ளாக் உண்டு. ஆர்சியூ-வாக்கில் முடித்தால் திறக்கும், நடுவில் இறங்க நேர்ந்தால் -ஈஅகெய்ன். பாதையை ஒருமுறை ஸ்டாட் செய்து கேஷில் ஏற்றிவிட்டு, இந்த ஃப்ளாகோடு 1000 முறை திறந்து பாருங்கள். எப்போதாவது ஒன்று தவறினால் இயல்பு. எல்லாமே தவறினால் உங்கள் ஃபங்ஷன் எதுவோ எப்போதும் -ஈசைல்ட் தருகிறது. பாதையைத் துண்டு துண்டாகக் குறைத்துக்கொண்டே வந்தால் எந்த டைரக்டரி என்று தெரிந்துவிடும். காத்திருக்காமல் அழைப்புகளை வரிசையில் போட உதவும் ஐஓ_யூரிங்கும் இதே வசதியைத்தான் முதலில் முயல்கிறது. எனவே எப்போதும் -ஈசைல்ட் தரும் ஃபைல்சிஸ்டத்தில் அதன் ஒவ்வொரு ஓப்பனும் பின்னணி த்ரெட்டுக்குத் தள்ளப்படும்.

எந்த ஃபங்ஷன் என்று அறிய, பிபிஎஃப்ட்ரேஸ் என்ற கண்காணிப்புக் கருவியில் உங்கள் டி_ரீவேலிடேட், பர்மிஷன், கெட்_லிங்க் மூன்றின் மேலும் கேரெட்ப்ரோப் வைத்துத் திரும்பும் மதிப்புகளை எண்ணுங்கள். -10 என்பதே -ஈசைல்ட். ட்ரை_டு_அன்லேஸியின் மேல் ப்ரோப் வைத்தால் எண்ணிக்கை பூச்சியம் ஆகவே ஆகாது. வெற்றிகரமான தேடலின் கடைசியிலும் கம்ப்ளீட்_வாக் அதைக் கூப்பிட்டே தீரும். ஸ்டாக்கைப் பார்த்து அவற்றைக் கழித்துவிட வேண்டும். சிம்லிங்க் உள்ள பாதை என்றால், அணுகல் நேரத்தைப் புதுப்பிக்க வேண்டிய தருணத்தில் விஎஃப்எஸ் தானாகவே ரெஃப்-வாக்குக்கு இறங்கும். முதல் ஓட்டத்தின் எண்களை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து கணக்கெடுங்கள்.

வேகத்தை அளக்கும்போது எல்லா த்ரெட்களையும் ஒரே ஃபைலை ஸ்டாட் செய்ய விடாதீர்கள். தேடல் முழுவதும் ஆர்சியூவில் போனாலும், கடைசி டென்ட்ரியில் ரெஃபரன்ஸ் எடுக்கப்படும். எல்லாரும் அங்கே மோதுவார்கள், வரைகோடு படுத்துவிடும், உங்கள் நிரல்தான் காரணம் என்று தோன்றும். எட்டு அடுக்கு ஆழமுள்ள ஒரே டைரக்டரியில் த்ரெட்டுக்கு ஒரு ஃபைல் வையுங்கள். 1, 2, 4, 8 என்று கோர்களை இரட்டித்துக்கொண்டே போய், நொடிக்கு எத்தனை ஸ்டாட் என்று குறியுங்கள். டி_ரீவேலிடேட்டின் முதல் வரியில் வெறும் -ஈசைல்ட் இருந்த நிலையிலும் ஒருமுறை, தளர்த்திய பின்பும் ஒருமுறை. இரண்டு வரைகோடுகளும் எந்தக் கோர் எண்ணிக்கையில் பிரிகின்றன என்று பாருங்கள். நீங்கள் ஆதரிக்கும் இயந்திரங்களில் அவை பிரியவே இல்லை என்றால், அந்த ஒற்றை வரியை அப்படியே விட்டுவிடலாம்.